காற்றே இல்லாத நாளில் காற்றைச் சாட்டி 1,340 டொலரை விழுங்கிவிட்டார்கள்

கனடாவின் சுப்பீரியர் ஏரிப் பக்கம் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு வலிக்கப் போக நினைப்பவர்கள் காசு கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள். போன சனிக்கிழமை எங்களுடைய 1,340 டொலர் போனது. எதையெதைக் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் ஆறு பேர்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மச்சான், எழுபத்தொரு வயது அப்பா. அப்பா யாழ்ப்பாணத்துக் கடலோர ஊரான வல்வெட்டித்துறைக்காரர். கனடாவுக்கு வந்த பிறகு அவர் துடுப்பைத் தொட்டதே இல்லை. சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவில் அகாவா பாறை என்று ஒரு செங்குத்துப் பாறை இருக்கிறது. ஓஜிப்வே மக்கள் செங்காவியால் தோணிகளையும், மிஷிபெஷு என்ற கொம்பு முளைத்த நீர்ப்பூதத்தையும் அதில் தீட்டியிருக்கிறார்கள். அந்தச் சித்திரங்களைத் தண்ணீரிலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகத்தான் ரொறன்ரோவிலிருந்து சூ செண்ட் மேரி வரை 700 கிலோமீட்டர், அதற்கு மேலும் 17ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஓடி, அகாவா குடாவில் கூடாரம் அடித்தோம்.

கோடையில் மட்டும் கயாக் பயணம் நடத்தும் ஒரு சின்னக் கடையில் ஜூன் மாதமே பதிவு செய்திருந்தேன். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் வக்கீல் கடிதம் அனுப்புவார்கள்.

நான் எப்படி நம்பினேன் என்று கேட்பீர்கள். அந்தக் கடை மனிதர் தொலைபேசியில் நாற்பது நிமிடம் கதைத்தார். ஒவ்வொருவருடைய எடையையும் கேட்டார், நீந்தத் தெரியாதவர் யார் என்று கேட்டார். அப்பாவின் முழங்கால் வலியைக்கூட விசாரித்து, அவருக்கு முன் இருக்கை என்றார். 1975 நவம்பரில் எட்மண்ட் பிட்ஸ்ஜெரால்ட் என்ற பெரிய சரக்குக் கப்பலே 29 பேரோடு இந்த ஏரியில் மூழ்கியதைச் சொன்னார். பிறகு, "காற்று எழுந்தால் நான் யாரையும் இறக்கமாட்டேன். காசு பெரிதல்ல, உயிர்தான் பெரிது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். இப்படிச் சொல்கிறவன் நேர்மையான ஆளாகத்தான் இருப்பான் என்று மனைவியிடமும் சொன்னேன். இ-டிரான்ஸ்பரில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பினால் ஐந்து சதவீதம் கழிவு என்றார். கடனட்டையை எடுத்த கையோடு திரும்ப உள்ளே வைத்துவிட்டு 1,340 டொலரையும் ஒரே தடவையில் அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு சின்கிளேர் குடாவில் நிற்கச் சொன்னார்கள். ஏழரைக்கே போய்விட்டோம். எட்டு, எட்டரை, ஒன்பதே கால். ஒருவரும் வரவில்லை. அந்தப் பக்கம் கைபேசிக்குச் சிக்னலும் இல்லை. ஏரி எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. கடைசியில் காரில் தெற்கே ஓடிச் சிக்னல் கிடைத்த இடத்தில் நிறுத்தினேன். காலை ஆறு மணிக்கே அனுப்பிய குறுஞ்செய்தி அப்போதுதான் வந்து விழுந்தது: "காற்று 25 நொட் (மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்). பாதுகாப்புக் கருதிப் பயணம் ரத்து. வானிலைக்குப் பணம் திருப்பித் தரப்படாது."

அப்பா கண்ணாடியை இறக்கி ஏரியைப் பார்த்தார். "இருபத்தைந்து நொட் என்றால் நுரை தெறிக்கும் தம்பி. இதுவா காற்று?" என்றார். அரசாங்கம் வெளியிடும் ஏரி வானிலை அறிக்கையை அதே இடத்தில் திறந்து பார்த்தேன். மாலை வரை 5 நொட் என்றிருந்தது.

சரி, சித்திரங்களையாவது தரைப்பாதையால் பார்ப்போம் என்று திரும்பிப் போனோம். குடாவில் அதே கடையின் பெயர் எழுதிய டிரெய்லர் வெறுமையாக நிற்கிறது! தண்ணீரில் சிவப்புக் கயாக்குகள் ஏழு. எண்ணினேன், பதினான்கு பேர். எங்களுடைய படகுகளில், எங்களுடைய நாளில், பெரிய குழு ஒன்றை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாங்கள் இடத்தைவிட்டுப் போகும்வரை காத்திருந்தார்களோ என்னவோ.

மூன்று மணிக்கு வழிகாட்டிப் பையன் கரையேறினான். "நான் நாட்கூலிக்கு வருகிறவன், அலுவலகத்தைக் கேளுங்கள்" என்றான். அலுவலகத்தைக் கேட்டால், "அது காலையில் இருந்த காற்று." காலை ஏழரை முதல் நான் அங்கேதான் நின்றேன் என்றால், "முடிவு எங்களுடையது, நிபந்தனையில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்." முகாமையாளர் அழைப்பார் என்றார்கள், அவர் அழைக்கவில்லை. மூன்றாம் முறை அதே நாற்பது நிமிட மனிதர் எடுத்தார், என் குரலைக் கேட்டதும் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். பிறகு ஒரு மின்னஞ்சல்: இந்தப் பருவத்துக்குள் வேறு நாளில் வரலாமாம். பருவம் முடிய இரண்டு வாரம்தான் இருக்கிறது. இன்னொரு 700 கிலோமீட்டருக்கு பெட்ரோல் யார் அடிப்பது? வங்கியோ, நீங்களே விரும்பி அனுப்பிய பணம் என்று கையை விரித்துவிட்டது. கடனட்டையாக இருந்திருந்தால் முறையிட்டிருக்கலாமாம். எழுபது டொலர்ச் சொச்சம் கழிவுக்கு மேல் ஆசைப்பட்டு 1,340 டொலரைத் தொலைத்தேன்.

பிள்ளைகள் பாறைக்கு நடந்து போனார்கள். அந்தச் சரிந்த பாறை விளிம்பில் அப்பாவை இறக்க எனக்குத் துணிவில்லை. மேலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் வாவா என்ற ஊரில் பெரிய வாத்துச் சிலையின் அடியில் நின்று எல்லோரும் படம் எடுத்தோம், ஒருவரும் சிரிக்கவில்லை.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமையில்லை. இ-டிரான்ஸ்பரில் காசு அனுப்பாதீர்கள், கடனட்டை மட்டும். எத்தனை நொட் காற்றுக்கு மேல் ரத்து, யாருடைய அறிக்கையின்படி என்பதை எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் ரத்து என்றால் உடனே கரையைவிட்டுப் போகாதீர்கள். நின்று பாருங்கள், படமும் எடுத்துவையுங்கள். நான் எடுத்த ஒரே படத்தில் டிரெய்லரின் பின்பக்கம்தான் இருக்கிறது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் 1,340 டொலருக்கு யாராவது வழக்குப் போட்ட அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.