பழைய வால்வு ஆம்ப்: சில்வர்டோன் 1482-ஆ, ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத குட்டியா?

1950, 60-களின் மலிவான அமெரிக்க கிட்டார் ஆம்ப்களில் ஒரு வகைக்கு பவர் ட்ரான்ஸ்ஃபார்மரே கிடையாது. 50சி5, 35டபிள்யூ4, 12ஏயூ6 போன்ற வால்வுகளின் ஃபிலமென்ட்களை (உள்ளே சூடேற்றும் கம்பிகள்) தொடராகக் கோத்து நேராக மெயின்ஸில் போட்டிருப்பார்கள். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸுக்கும், அதன் வழியாகக் கிட்டார் கம்பிக்கும் 120 வோல்ட் வரலாம். மெயின்ஸிலிருந்து மின்தொடர்பைப் பிரித்துத் தரும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. 230 வோல்ட் ஊர்களில் கூடுதல் கவனம் வேண்டும்: வோல்டேஜைக் குறைக்கும் சாதாரண ஸ்டெப்-டவுன் பல நேரம் ஒரே சுற்றுள்ள ஆட்டோ-ட்ரான்ஸ்ஃபார்மர்தான், அது பிரித்துத் தராது. தனித்தனிச் சுற்றுள்ள 230/115 வோல்ட், 50 விஏ ட்ரான்ஸ்ஃபார்மர் போதும். ஒலி 2 வாட்டுக்குள். படுக்கையறைச் சத்தத்திலேயே ஒலி அழகாகக் கரகரக்கும் (டிஸ்டார்ஷன்).

அமெரிக்கக் கடை நிறுவனமான சியர்ஸுக்காக டேன்எலக்ட்ரோ செய்த சில்வர்டோன் 1482-இல் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் உண்டு. இரண்டு 6வி6 பவர் வால்வுகள், 12 அங்குல ஸ்பீக்கர், ட்ரெமலோ (ஒலியளவு ஏறி இறங்கும் விளைவு). டிரம்ஸோடு வாசிக்கலாம். 6வி6 இன்றும் புதிதாகத் தயாராகிறது. 50சி5-க்குப் பழைய இருப்புதான்.

1482-இலும் வேலை இருக்கிறது. மூன்று முள் வயர் போட்டு எர்த்தை சேசிஸில் இறுக்குங்கள். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் கெபாசிட்டரை வெட்டி எடுங்கள். ஹம் (இரைச்சல்) வந்தால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர்களை மாற்றுங்கள். முந்தைய நிலையிலிருந்து சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டர் கசிந்தால் 6வி6-இன் கிரிட்டில் (சிக்னல் நுழையும் முனை) பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறும், அதன் பிளேட் சூடாகிச் சிவக்கும். எதைத் தொடும் முன்பும் ஃபில்டர்களை டிஸ்சார்ஜ் செய்து மீட்டரில் பாருங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் 1482.