335-ஈ பேருந்தில் நான்கு ஆண்டுகள்: ஒரு வழிகாட்டிச் செயலியும் அது எழுதும் தமிழும்

அடுத்த மாதம் வேலைக்காக மதுரையிலிருந்து பெங்களூருவுக்கு வரவிருக்கும் நண்பர் ஒருவர், நான் பயன்படுத்தும் பேருந்து வழிகாட்டிச் செயலியின் ஆண்டுக் கட்டணம் பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அதைத் தமிழில் வைத்துக்கொண்டால் கன்னடம் தெரியாமலேயே அலுவலகம் போய்வர முடியுமா என்று கேட்டிருந்தார். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நான்கு ஆண்டுகளாகத் தொம்மலூரில் ஏறிக் காடுகோடியில் இறங்குகிறேன். 2023 அக்டோபரில் ஊதா வழித்தட மெட்ரோ முழுமையாகத் திறந்த பின் சில காலம் இந்திராநகர் நிலையத்திலிருந்து போனேன். 2025 பிப்ரவரியில் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்ந்தது முதல், வாரத்தில் மூன்று நாளாவது பழைய 335-ஈ பேருந்துக்கே திரும்பிவிட்டேன். இந்தக் காலம் முழுவதும் அந்தச் செயலி என் கைப்பேசியில் இருந்திருக்கிறது. குறை சொல்லப் போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் அதற்கு உரியதைச் சொல்லிவிட வேண்டும். பேருந்து எந்த இடத்தில் வந்துகொண்டிருக்கிறது என்பதை அது காட்டும் துல்லியம் உண்மையிலேயே பாராட்டத் தக்கது. மழை நாளில் மாரத்தஹள்ளிப் பாலத்தருகே வண்டிகள் உறைந்து நிற்கும்போதும், அது சொல்லும் நேரத்துக்கும் நான் வீடு சேரும் நேரத்துக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்ததில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் நெருங்கும்போது கைப்பேசியை அதிரவைத்து எழுப்பிவிடும் வசதியால், இரவுப் பணி முடிந்து தூங்கிக்கொண்டே வந்த எத்தனையோ நாள்களில் நிறுத்தத்தைத் தவறவிடாமல் இறங்கியிருக்கிறேன். மின்கலத்தையும் அதிகம் தின்பதில்லை.

என் மனக்குறை ஊர்ப்பெயர்களைப் பற்றியது. இந்தச் செயலி தமிழில் மாரத்தஹள்ளியை ‘மரதஹல்லி’ என்று எழுதுகிறது. பையப்பனஹள்ளி ‘பயப்பனஹல்லி’ ஆகிறது. காடுகோடி ‘கடுகோடி’ ஆகிறது. எழுத்துப்பிழைதானே என்று விட்டுவிடலாம் என நினைப்பவர்கள், கன்னடத்தில் ‘ஹள்ளி’ என்றால் சிற்றூர், ‘ஹல்லி’ என்றால் பல்லி என்பதை அறிந்தால் அவ்வாறு நினைக்க மாட்டார்கள். பழங்கன்னடத்தில் பகரமாக இருந்த முதலெழுத்து பிற்காலத்தில் ஹகரமாக மாறியதால், நம்முடைய பள்ளி அங்கே ஹள்ளி ஆயிற்று, பல்லி ஹல்லி ஆயிற்று, பால் ஹாலு ஆயிற்று, புலி ஹுலி ஆயிற்று, போ என்பது ஹோகு ஆயிற்று. லகரத்தையும் ளகரத்தையும் கன்னடம் இன்றுவரை நம்மைப் போலவே பிரித்து வைத்திருக்கிறது. இரண்டு மொழிகளும் காத்துவரும் வேறுபாட்டை, இரண்டுக்கும் நடுவில் ஆங்கிலத்தை நுழைத்து, ஒரே ஓர் ஆங்கில எழுத்தின் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்து அழித்துவிடுகிறது இந்தச் செயலி. அது வைத்திருக்கும் பட்டியலில் ஊர்கள் எல்லாம் பல்லிகளாகிவிட்டன. ‘காடு’ என்ற சொல் இரு மொழிக்கும் பொது; அதையும் ‘கடு’ என்று குறுக்கிவிட்டது.

இதைவிட மோசமானது, பெயர்களை மொழிபெயர்க்கும் அதன் பழக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மாரத்தஹள்ளியில் ஏறிய ஒரு மூதாட்டி என் பக்கத்தில் அமர்ந்தார். மகளைப் பார்க்க வாணியம்பாடியிலிருந்து வந்திருந்தார். மடியில் துணி சுற்றிய எவர்சில்வர் தூக்கு ஒன்று இருந்தது. கர்நாடக முகவரி இல்லாததால் பெண்களுக்கான சக்தி திட்டத்தின் இலவசச் சீட்டு அவருக்குக் கிடையாது. இறங்குமிடத்தைச் சொல்லிப் பணம் கொடுத்துத்தான் சீட்டு வாங்க வேண்டும். நடத்துநர் ‘எல்லிகம்மா?’ என்று கேட்டதும், அவர் ‘நம்பிக்கைப் பண்ணை’ என்றார். அந்த நடத்துநர் தமிழ் நன்றாகவே அறிந்தவர். பண்ணையா, அப்படி இந்தப் பக்கம் ஒன்றும் இல்லையே அம்மா என்று தமிழிலேயே இரண்டு முறை பொறுமையாகக் கேட்டார். பின்னாலிருந்தவர்கள் சீட்டுக்காகக் குரல் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மூதாட்டி கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். “தம்பி, இதுல அப்படித்தானே போட்டிருக்கு? நான் சரியாத்தானே படிக்கிறேன்?” என்று கேட்டார். திரையில் இருந்தது நான் நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் அதே செயலி. மகள் தமிழில் அமைத்துக் கொடுத்திருக்கிறார். ஹோப் ஃபார்ம் நிறுத்தத்தின் பெயரை அது ‘நம்பிக்கைப் பண்ணை’ என்று மாற்றி வைத்திருந்தது. சில்க் போர்டைப் ‘பட்டு வாரியம்’ என்று அது எழுதுவதை நான் முன்பே அறிந்திருந்தேன். ஆனால் அந்தப் பெயரை நம்பி ஒருவர் பேருந்து ஏறுவார் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அவர் சரியாகத்தான் படித்திருந்தார். படிக்கத் தெரிந்த ஒருவரைப் பேருந்து நிறையப் பேர் நடுவில் படிக்கத் தெரியாதவர் போல் நிற்கவைத்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

இது தீர்க்க முடியாத சிக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மொழி அமைப்பைக் கன்னடத்துக்கு மாற்றினால், இதே செயலி எல்லாப் பெயர்களையும் சரியாகக் காட்டுகிறது. அதாவது சரியான தரவு அதனிடமே இருக்கிறது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கும் கன்னடத்துக்கும் ஒதுக்கிய இடங்கள் ஒரே வரிசையில் அமைந்தவை. கன்னட ளகரத்தின் எண்ணிலிருந்து 256ஐக் கழித்தால் தமிழ் ளகரம் வந்து நிற்கும், ஆகார நெடிலும் எகரக் குறிலும் அப்படியே. கன்னடத்தில் உள்ள, ஆனால் தமிழில் இல்லாத ஒலிகளுக்கு மட்டும் ஒரு சிறு பட்டியல் வேண்டும். மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது ஒரு வாரத்து வேலை. அதைச் செய்யாமல் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வருவது, பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுவதைப் போன்றது.

ஊர் செல்லும் வெள்ளிக்கிழமைகளில் மடிவாளாவில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது எனக்கு ஒரு பழைய கல்வெட்டின் நினைவு தவறாமல் வரும். அங்குள்ள சோமேசுவரர் கோயிலில் 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று ‘வெங்களூர்’ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கொடையாகக் குறிப்பிடுகிறது. பேகூரில் அதற்கும் முந்நூற்றைம்பது ஆண்டுகள் முற்பட்ட கன்னடக் கல்வெட்டு ‘பெங்களூரு’ என்கிறது. தமிழில் வகரமாக இருப்பது கன்னடத்தில் பகரமாவது வழக்கம். வா என்பது பா, வேண்டா என்பது பேட. உளி பிடித்தவர் காதால் கேட்டு, தன் மொழியின் முறைப்படி எழுதினார். எழுநூற்று எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் படித்தவுடன் ஊர் தெரிகிறது.

செயலியின் மேல் மட்டும் பழி போடக் கூடாது என்பதற்காக என் தவறு ஒன்றையும் எழுதுகிறேன். மெட்ரோவில் போகத் தொடங்கிய புதிதில், ‘முந்தின நில்தாண’ என்ற அறிவிப்பைக் கடந்துபோன நிலையம் என்று எடுத்துக்கொண்டு, இந்திராநகருக்கு முன்பே இறங்கி நின்றிருக்கிறேன். தமிழில் ‘முந்தின’ என்றால் கழிந்தது. கன்னடத்தில் அது நமக்கு முன்னே வருவது, அடுத்தது. கழிந்ததற்கு அவர்கள் சொல் ‘ஹிந்தின’, அதாவது நம்முடைய ‘பிந்தின’. ஒரே வேர்ச்சொற்களை நாம் காலத்துக்கு ஒரு திசையிலும் அவர்கள் வேறு திசையிலும் திருப்பி வைத்திருக்கிறோம். அது புரிந்த நாளிலிருந்து நடத்துநரின் குரலைக் கவனித்துக் கேட்கத் தொடங்கினேன். ‘சில்லறெ கொடி’ என்பதற்கு விளக்கம் தேவையில்லை. ‘இளீரி, இளீரி’ என்று அவர் இறங்கச் சொல்லும்போது, சங்கப் பாடல்களில் மலையிலிருந்து அருவி இழியும் அந்த ‘இழி’ என் காதில் விழுகிறது. நாம் இழிவு என்ற பொருளுக்குத் தள்ளிவிட்ட சொல்லை, அவர்கள் நாள்தோறும் படிக்கட்டில் நின்று மரியாதை விகுதியோடு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மகிழ்ச்சி எனக்கு அன்றிலிருந்து ஒரு நாளும் குறைந்ததில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்த முதல் ஆண்டில் இதில் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: நேரத்தில் பிழையில்லை, வேகத்தில் பிழையில்லை, கட்டணமும் இப்போது குறைவு, ஆனாலும் வாங்க வேண்டாம். பேருந்தின் நெற்றியிலும் நிறுத்தங்களிலும் உள்ள கன்னட எழுத்துகளை நாளுக்கு நான்காகப் படித்துக்கொண்டு வந்தால், இரண்டு வாரத்தில் ஊர்ப்பெயர்கள் பிடிபட்டுவிடும். வழி தெரியாவிட்டால் நடத்துநரைக் கேளுங்கள். நான் மார்ச் மாதம் வரை பணம் கட்டியிருக்கிறேன். அதுவரை கன்னட அமைப்பிலேயே வைத்துப் பயன்படுத்துவேன். பிழைகளைப் பட்டியலிட்டு மூன்று முறை எழுதி அனுப்பினேன். மூன்று முறையும் கருத்து பதிவாகியிருப்பதாக ஒரே வரியில் பதில் வந்தது. நேற்றிரவு வந்த புதிய பதிப்பை நிறுவியதும் முதலில் ஹோப் ஃபார்மைத்தான் தேடினேன். ‘நம்பிக்கைப் பண்ணை’ என்றுதான் இன்னும் இருக்கிறது.