1,562 யூரோ போனது, வீடியோக்கள் வரவில்லை: மலிவான கிளவுட் பேக்கப் எடுக்கும் சிறு தொழில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் கோப்புகளின் பிரதியை இணையம் வழியாகத் தன் சேர்வரில் பாதுகாப்பதாகச் சொல்லி எனக்குக் கிளவுட் பேக்கப் விற்ற நிறுவனம், நேற்று மாலை எனது முறைப்பாட்டைத் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறித்து மூடிவிட்டது. எதுவும் தீரவில்லை. எனது 1,562 யூரோவும் திரும்பவில்லை, நான் பாதுகாப்பாக இருப்பதாக நம்பியிருந்த கோப்புகளில் பெரும்பகுதியும் திரும்பவில்லை. இதே வகைச் சேவையை இந்த வாரம் வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் நானும் என் மனைவியும் ஒரு சிறிய புகைப்பட, வீடியோ ஸ்டூடியோ நடத்துகிறோம். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள், ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேர் என்று எங்கள் மக்களின் நிகழ்வுகளே எங்கள் பிழைப்பு. எல்லாவற்றையும் கடையின் பின்னறையில் உள்ள நான்கு டிஸ்க் கொண்ட ஒரு சேமிப்புப் பெட்டியில் வைத்திருந்தோம். 2021 மார்ச் 10 அதிகாலை பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு பெரிய தரவு மையம் எரிந்து, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்த செய்தியை வாசித்ததிலிருந்து, கடைக்கு வெளியே வேறொரு நகரத்தில் ஒரு பிரதி இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. பதினான்கு மாதங்களுக்கு முன் அதைச் செயலில் காட்டினேன்.

நான் தேர்ந்தெடுத்தது ‘ஐரோப்பிய சேர்வர், ஐரோப்பியச் சட்டம், சிறு தொழிலுக்கான விலை’ என்று விளம்பரம் செய்யும் ஒரு கிளவுட் சேமிப்பு நிறுவனம். பெயரை இங்கே எழுதவில்லை. ஐந்து டெராபைட், மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து முன்பணமாக 1,188 யூரோ. மாதக் கணக்கில் பார்த்தால் 33 யூரோ. வங்கிப் பரிமாற்றமாகச் செலுத்தினால் மட்டுமே இந்த விலை என்றார்கள்.

நான் ஏன் நம்பினேன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அந்த இடத்தில்தான் நம்புவீர்கள். கேள்வி அனுப்பிப் பத்து நிமிடத்துக்குள் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவசரப்படுத்தவில்லை. என்ன வகைக் கோப்புகள், ஒரு திருமணத்துக்கு எவ்வளவு இடம் பிடிக்கும் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். வீடியோக்கள்தான் முக்கியம் என்று நான் இரண்டு முறை சொன்னேன், அவர் அதைக் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு, “உங்களுக்கே நம்பிக்கை வரட்டும், ஒரு கோப்பை ஏற்றி, உடனே திரும்ப இறக்கிப் பாருங்கள்” என்றார். நான் ஒரு மணப்பெண்ணின் படத்தை ஏற்றினேன். மூன்று நொடியில் அது திரும்பி வந்தது. அருகில் நின்ற என் மனைவியிடம், “இவர்கள் சரியான ஆட்கள்” என்று சொன்னேன். அன்று மாலையே பணத்தை அனுப்பினேன்.

பேக்கப் ஏறத் தொடங்கியபோதே ஒரு அடையாளம் தெரிந்தது, நான்தான் பார்க்கத் தவறினேன். எங்கள் இணைப்பின் மேலேற்றும் வேகம் நொடிக்கு 40 மெகாபிட், அதாவது 5 மெகாபைட். எங்களிடம் இருந்தது 3,400 கிகாபைட். அந்த வேகத்தில் அது முழுவதும் ஏற ஏறக்குறைய எட்டு நாள்கள் ஆக வேண்டும். மூன்றாம் நாள் காலையிலேயே ‘பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது’ என்று பச்சை அடையாளத்தோடு மின்னஞ்சல் வந்தது. வேகமான சேவை என்று மகிழ்ந்தேனே தவிர, கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அதன் பின் பதினான்கு மாதங்கள் ஒவ்வொரு காலையும் அந்தப் பச்சை அடையாளம் வந்துகொண்டே இருந்தது.

மூன்று வாரங்களுக்கு முன் சேமிப்புப் பெட்டியில் ஒரு டிஸ்க் பழுதானது. புதியதை மாட்டி, பெட்டி தன்னைத் தானே சரிசெய்துகொண்டிருந்த இரவில் இரண்டாவது டிஸ்க்கும் போனது. நான்கும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. எங்கள் அமைப்பு ஒரு டிஸ்க்கின் இழப்பை மட்டுமே தாங்கும். ஆனாலும் நான் கலங்கவில்லை, அந்த நிறுவனம் சொன்ன பிராங்பேர்ட் தரவு மையத்தில் எல்லாம் இருக்கிறது என்று அமைதியாக மீட்பைத் தொடங்கினேன்.

திரையில் வேகம் நொடிக்கு 1.1 மெகாபைட் என்று காட்டியது, மீதமுள்ள நேரம் 36 நாள்கள் என்றும் காட்டியது. எங்கள் 250 மெகாபிட் இணைப்பில் முப்பது மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை அது. கேட்டபோது, எங்கள் திட்டத்தில் ‘சாதாரண மீட்பு’ மட்டுமே அடக்கம் என்றும், ‘விரைவு மீட்பு’க்கு ஒரு கிகாபைட்டுக்கு 11 சதம் கட்ட வேண்டும் என்றும் பதில் வந்தது. 3,400 கிகாபைட்டுக்கு 374 யூரோ. தரவை வெளியே எடுக்கக் கட்டணம் வாங்குவது இத்துறையில் புதிதல்ல. பெரிய அமெரிக்க நிறுவனமான அமேசான்கூட முதல் 10 டெராபைட் வரை கிகாபைட்டுக்கு 9 அமெரிக்க சதம் என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வைத்திருக்கிறது. இவர்களின் விலைப் பக்கத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. ஒரு மணப்பெண்ணின் தாயார், “தம்பி, அல்பத்தைப் பிறகு தாங்கோ, வீடியோவை மட்டும் கெதியா அனுப்புங்கோ, ஊரில அம்மா பாக்கக் காத்துக்கொண்டிருக்கிறா” என்று நாள்தோறும் அழைத்துக்கொண்டிருந்த நேரம் அது. 374 யூரோவையும் கட்டினேன். முன்பணத்தோடு சேர்த்து 1,562 யூரோ.

இரண்டு நாளில் மீட்பு முடிந்தது. கோப்புறைகள் எல்லாம் அதே பெயர்களுடன், அதே திகதிகளுடன் இருந்தன. அந்தத் திருமணத்தின் கோப்புறையைத் திறந்தேன். படங்கள் இருந்தன. தாலி கட்டும் நேரத்து வீடியோவின் பெயர் இருந்தது, அளவு என்ற இடத்தில் 0 கிலோபைட் என்று இருந்தது. அடுத்ததும் 0. அதற்கடுத்ததும் 0. மொத்தத்தில் உண்மையாகத் திரும்பி வந்தது ஏறக்குறைய 900 கிகாபைட் படங்கள் மட்டுமே.

அதன் பிறகு நடந்தவை ஒவ்வொன்றும் ஒரு தட்டிக்கழிப்பு. முதல் பதில், ‘24 மணி நேரத்துக்குள் தொடர்புகொள்வோம்.’ நான்கு நாள் கழித்து வேறொரு பெயரில் வந்த பதில், எங்கள் திட்டத்தில் 4 கிகாபைட்டைவிடப் பெரிய கோப்புகள் ‘பதியப்படும், சேமிக்கப்படமாட்டா’ என்று நிபந்தனைகளில் இருப்பதாகச் சொன்னது. அதாவது கோப்பின் பெயர் பட்டியலில் ஏறும், உள்ளடக்கம் ஏறாது. திருமண வீடியோ ஒன்றுகூட 4 கிகாபைட்டுக்குள் அடங்காது என்பது அந்த விற்பனையாளருக்குத் தெரியும். அப்படியென்றால் சேமிக்காத கோப்புகளையும் சேர்த்து 3,400 கிகாபைட்டுக்கு எப்படி மீட்புக் கட்டணம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். கட்டணம் ‘பதியப்பட்ட அளவின்’ அடிப்படையில் கணக்கிடப்படும் என்றார்கள். இல்லாத பொருளைத் திருப்பித் தந்ததற்குக் கூலி வாங்கியிருக்கிறார்கள். வழங்குநரை மாற்றும்போது வாங்கும் கட்டணத்தைக் கட்டுப்படுத்தி, 2027 ஜனவரி 12 முதல் முற்றாக நீக்கும் ஐரோப்பியத் தரவுச் சட்டத்தை எடுத்துக் காட்டினேன். நீங்கள் வழங்குநரை மாற்றவில்லை, மீட்பு மட்டுமே செய்தீர்கள், அது பொருந்தாது என்றார்கள். 14 நாளுக்குள் ஒப்பந்தத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லையே என்று கேட்டபோது, அது தனிப்பட்ட நுகர்வோருக்கு மட்டும் உரியது, நீங்கள் தொழில் பெயரில் வாங்கினீர்கள் என்றார்கள். அது சட்டப்படி உண்மை என்று பிறகு அறிந்தேன். வங்கியும் கைவிரித்தது, நானே அனுப்பிய பரிமாற்றத்தை மறுபக்கத்தின் சம்மதமின்றித் திரும்ப எடுக்க முடியாது. கடைசியாக முறைப்பாட்டை மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள்.

கணக்குப் புத்தகங்களும் விலைச்சிட்டைகளும் வரி ஆலோசகரிடம் பிரதியாக இருந்ததால் தப்பின. இங்கே விலைச்சிட்டைகளை எட்டு ஆண்டுகள், கணக்குப் புத்தகங்களைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், அவையும் போயிருந்தால் வரி அலுவலகத்துக்கு நான் என்ன காட்டியிருப்பேன் என்று நினைக்கவே முடியவில்லை.

ஒழுங்கான ஆலோசனைப் பட்டியல் ஒன்று தர வேண்டும் என்றுதான் எழுதத் தொடங்கினேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் சொல்கிறேன். ஒரு படத்தை வைத்துச் சோதிக்காதீர்கள், உங்களிடம் உள்ள மிகப் பெரிய கோப்பை ஏற்றி, இறக்கி, திறந்து பாருங்கள். வெளியே எடுக்க எவ்வளவு, எந்த வேகத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். மூன்று ஆண்டுப் பணத்தை ஒருமிக்க அனுப்பாதீர்கள். தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி அவர்கள் உங்களோடு செய்யும் ஒப்பந்தத்தில் உங்கள் தரவைக் கையாள அவர்கள் அமர்த்தும் வேறு நிறுவனங்களின் பட்டியல் இருக்கும், அதை வாசியுங்கள். நான் வாசித்திருந்தால் பிராங்பேர்ட் தரவு மையம் இவர்களுடையதல்ல, வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்த இடம் என்று அன்றே தெரிந்திருக்கும். ஏற்கெனவே இப்படி ஒன்றை வைத்திருப்பவர்கள் இன்றிரவே கோப்புகளை அளவுப்படி வரிசைப்படுத்தி, 0 என்று எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள்.

பொலிஸில் இணையவழி முறைப்பாடு பதிந்துவிட்டேன், டுசெல்டோர்ப்பில் உள்ள மாநிலத் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கடிதம் நாளை போகும். பழுதான டிஸ்க்குகளை ஒரு தரவு மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு செலவாகும் என்று வியாழக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாயாருக்கு இன்னும் நான் உண்மையைச் சொல்லவில்லை.