கியூஓ-100 டிவி ரிப்பீட்டர்: பார்ப்பதற்கு எளிது, அனுப்புவதற்குச் செலவு

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் அனுப்பும் படத்தை வாங்கி மறுஒலிபரப்பும் தொலைக்காட்சி ரிப்பீட்டர் என்றால் பெரும்பாலும் ஏதேனும் குன்றின் உச்சியில் இருக்கும். அதற்கு நேர்ப்பார்வையில் வீடு அமையாதவருக்கு அது இருந்தும் பயனில்லை. கத்தாரின் எஸ்ஹைல்-2 செயற்கைக்கோளில் அமைந்துள்ள கியூஓ-100 இந்தக் குறையைத் தீர்க்கிறது. 2018 நவம்பரில் ஏவப்பட்டு, 2019 பிப்ரவரியில் ஹாம்களுக்குத் திறக்கப்பட்ட இது, கிழக்குத் தீர்க்கரேகை 26 பாகைக்கு அருகே நிலைகொண்டிருப்பதால், பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை ஒரே நேரத்தில் கிடைக்கிறது.

டிவிக்கென ஒதுக்கப்பட்ட டிரான்ஸ்பாண்டரின் (சிக்னலை வாங்கி வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவியின்) அகலம் 8 மெகாஹெர்ட்ஸ்தான். 2401.5 முதல் 2409.5 மெகாஹெர்ட்ஸ் வரை அனுப்புவது 10491 முதல் 10499 வரை இறங்கி வருகிறது. டிவிபி-எஸ்2 என்ற டிஜிட்டல் செயற்கைக்கோள் டிவி முறையில் நொடிக்கு 333 கிலோசிம்பல் போன்ற குறைந்த தரவு வேகங்களைப் பயன்படுத்துவதால், இவ்வளவு சிறிய இடத்திலும் பலர் ஒரே சமயத்தில் படம் அனுப்ப முடிகிறது.

பார்ப்பதற்கு வீட்டு டிடிஎச் பெட்டி உதவாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கி அலைவரிசையைக் குறைத்துத் தரும் கருவி எல்என்பி. 9750 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் கொண்ட எல்என்பியிலிருந்து சிக்னல் 741 மெகாஹெர்ட்ஸ் அளவில் வெளிவருகிறது. சாதாரணப் பெட்டிகளோ 950க்கு மேல்தான் டியூன் ஆகும். பிரிட்டிஷ் அமெச்சூர் தொலைக்காட்சி மன்றத்தார் பரவலாகப் பயன்படுத்தும் மினிடியூனர் என்ற ரிசீவர் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. வெயில் ஏறினால் அலைவரிசை நகர்ந்துவிடும் பழைய எல்என்பியை விட்டுவிட்டு, அலைவரிசை நிலையாக நிற்கும் பிஎல்எல் வகையை வாங்குவதே நல்லது. சென்னையிலிருந்து டிஷ்ஷை மேற்கே, அடிவானிலிருந்து ஏறத்தாழ 27 பாகை உயரத்தில் திருப்ப வேண்டியிருப்பதால், மேற்கில் தென்னையோ அடுக்குமாடியோ மறைத்தால் மொட்டைமாடிதான் வழி.

அனுப்பும் பக்கத்தில் என் மதிப்பெண் குறைகிறது. வட்ட முனைவாக்க ஃபீட் (டிஷ்ஷின் முன் நிற்கும் ஆன்டெனா), பல வாட் ஆம்ப்ளிஃபயர், படத்தை டிஜிட்டலாகச் சுருக்கும் நல்ல என்கோடர் என்று செலவு அடுக்கிக்கொண்டே போகும். சிக்னல் மேலே போய்த் திரும்பக் கால் நொடி. என்கோடரும் டிகோடரும் அதற்கு மேலும் நேரம் எடுத்துக்கொள்வதால், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதிலுக்குக் காத்திருக்கப் பழக வேண்டும்.

இங்கிலாந்தின் கூன்ஹில்லியிலிருந்து இணையத்தில் நேரலையாக வரும், எந்த அலைவரிசையில் எவ்வளவு வலிமையான சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் திரைதான் இச்சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது. இடது ஓரத்தில் பீக்கன் என்ற நிலையான அடையாள சிக்னல் அகன்ற மேடாக நிற்க, அதற்கு வலப்புறம் ஒவ்வொரு நிலையமும் சிறு மேடாக எழுந்து அடங்குகிறது. பீக்கனைவிட உயர்ந்து நிற்பவர் செயற்கைக்கோளின் திறனில் மற்றவர்களின் பங்கைத் தின்கிறார் என்பது அதில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆம்ப்ளிஃபயருக்குப் பணம் கட்டுமுன் சில மாலைகள் இந்தத் திரையைக் கவனித்து, எந்த வேகத்தில் எவ்வளவு உயரம் போதும் என்று கணித்துக்கொள்வது வீண்செலவைத் தவிர்க்கும்.