மசாய் மாராவா, செரெங்கெட்டியா?

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகமும் தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவும் உண்மையில் ஒரே புல்வெளி. நடுவில் வேலி கிடையாது. வில்டபீஸ்ட் (மாடு போலத் தோன்றும் பெரிய மான்) கூட்டம் அது பாட்டுக்குப் போய்வருகிறது. நமக்குத்தான் சிக்கல். இரண்டுக்கும் இடையே சாண்ட் ரிவர் பக்கம் இருந்த எல்லை வழி 1977-இல் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்டது. இப்போது இசபானியா அல்லது நமங்கா என்ற எல்லை ஊர்கள் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு பகல் முழுக்க அதிலேயே கழிந்துவிடும். அதனால் ஒரே வாரத்தில் இரண்டு நாடு என்று யாராவது பேக்கேஜ் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எதற்குப் போவது என்பதை லீவு கிடைக்கும் மாதமே பாதி முடிவு செய்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் யோசிக்கவே வேண்டாம், தான்சானியாதான். தெற்கு செரெங்கெட்டியில், ந்டுட்டுவைச் சுற்றியுள்ள குட்டைப்புல் சமவெளியில், வில்டபீஸ்ட் கன்று ஈனும் காலம் அது. பிறந்த சில நிமிடங்களில் கன்று எழுந்து ஓடப் பார்க்கும். சிங்கம், கழுதைப்புலி, சிவிங்கிப்புலி எல்லாம் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் மாராவிலும் சிங்கம் உண்டு, வில்டபீஸ்டின் பெரும் கூட்டம் இருக்காது.

ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்காக எல்லோரும் மாராவுக்கு ஓடுகிறார்கள். ஆனால் அதே மாரா ஆறு செரெங்கெட்டியின் வடகோடியில், கொகட்டெண்டே என்ற இடம் வழியாகவும் ஓடுகிறது. அங்கேயும் கூட்டம் கடக்கும். கரையில் வண்டி நெரிசல் பொதுவாகக் குறைவு. எந்தக் கரையானாலும் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். இறங்குவதுபோல் வந்து, ஏதோ மிரண்டு, மொத்தக் கூட்டமும் திரும்பிப் போவதும் சாதாரணம்.

மாரா காப்பகம் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர், செரெங்கெட்டி 14,763. கிட்டத்தட்ட பத்து மடங்கு. கையில் மூன்று நான்கு நாள்தான் என்றால் மாரா தோதுப்படும். நைரோபியிலிருந்து சாலையில் ஐந்தாறு மணி நேரம், வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள். தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து செரெங்கெட்டியின் மையமான செரொனேராவுக்குச் சாலை வழி ஒரு பகல் பிடிக்கும். வழியில் உள்ள ங்கோரோங்கோரோவை (பெரிய எரிமலைப் பள்ளம் உள்ள காப்புப் பகுதி) தாண்டியதும் புழுதியும் குலுக்கலும்தான். முதுகுவலிக்காரர்கள் விமானத்துக்குக் காசு ஒதுக்குங்கள்.

சரி, காசு. மாராவில் 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஆண்டின் முதல் பாதியில் 100 டாலர், ஜூலை முதல் 200 டாலர். அதுவும் காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். செரெங்கெட்டியில் சீசன் கட்டணம் 70 டாலர், மேலே 18 சதவீத வரி; டிக்கெட் 24 மணி நேரம் செல்லும். இதை மட்டும் பார்த்து தான்சானியா மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். வழியில் ங்கோரோங்கோரோவுக்குத் தனி நுழைவுக் கட்டணம், அதன் பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கு 250 டாலரும் வரியும். ஆனாலும் அந்தப் பள்ளத்தை விட்டுவிடக் கூடாது. காண்டாமிருகத்தைப் பார்க்க நல்ல வாய்ப்புள்ள இடம், மாராவில் அது அத்தனை எளிதில்லை. (கட்டணங்கள் மாறும், புறப்படும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

மாராவுக்கு ஆதரவாக நான் சொல்வது அதன் எல்லையை ஒட்டிய கன்சர்வன்சிகளைத்தான். நபோய்ஷோ, மாரா நார்த் போன்றவை மசாய் குடும்பங்களிடம் குத்தகைக்கு எடுத்த நிலங்கள். வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. காப்பகத்துக்குள் கிடைக்காத இரவு சஃபாரியும் நடைப்பயணமும் அங்கே கிடைக்கும். விலை அதிகம்தான். ஆகஸ்டில் காப்பகத்துக்குள் ஒரே சிங்கத்தைச் சுற்றி நிற்கும் வண்டி வரிசையைப் பார்த்தவர்களுக்கு அது அதிகமாகத் தெரியாது.

என் கணக்கு இது: ஐந்து நாளுக்குள் என்றால், ஜனவரி–மார்ச் தவிர, மாரா கன்சர்வன்சி; ஒரு வாரத்துக்கு மேல் என்றால் எந்த மாதமானாலும் செரெங்கெட்டியும் ங்கோரோங்கோரோவும். எதற்குப் போனாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அதைக் கேட்பார்கள்.