நாற்காலி வட்டத்திலிருந்து திரைக்கு: இணையவழிக் குழு ஆலோசனையில் ஐந்து ஆண்டுகள்

2020 மார்ச்சில் உலகமே வீட்டுக்குள் அடங்கியபோது, நான் நடத்திவந்த துயர்ப் பகிர்வுக் குழு ஐந்தாவது வாரத்தில் இருந்தது. எட்டுப் பேர், எல்லோரும் அண்மையில் நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். அவர்களைப் பாதியில் விட்டுவிட மனம் வரவில்லை. அடுத்த வாரமே வீடியோ கூட்டச் செயலிக்கு மாறினோம். தற்காலிக ஏற்பாடு என்றுதான் அன்று சொன்னேன். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இன்று என் குழு ஆலோசனையில் பெரும்பகுதியும், புதிய ஆலோசகர்களுக்கான பயிற்சி முழுவதும் இணையவழியில்தான் நடக்கின்றன. இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

திரை முன்னால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள் என்றுதான் முதலில் பயந்தேன். நடந்தது வேறு. நேரில் மூன்றாம், நான்காம் வாரத்தில் வெளிவரும் பேச்சு, இங்கே இரண்டாம் வாரத்திலேயே வந்தது. தன் அறையில், தன் நாற்காலியில், மடியில் பூனையோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு துணிவு இருக்கிறது. குழுச் சிகிச்சையின் பலன் எங்கிருந்து வருகிறது என்பதை வகைப்படுத்திய அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம், ‘இந்தத் துன்பம் எனக்கு மட்டும் வந்ததல்ல’ என்று உணர்வதை அதில் முக்கியமான ஒன்றாகச் சொல்கிறார். அந்த உணர்வு திரையிலும் குறையாமல் கிடைக்கிறது. ஆனால் குழுவினர் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொள்வதற்கு இங்கே நாள் பிடிக்கிறது. அதற்குக் காரணம் மௌனம் என்று புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின.

நேரில் நடக்கும் குழுவில் என் பாதி வேலை மௌனத்தைக் காப்பதுதான். “கடைசியாக அவர் கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை” என்று ஒருவர் சொல்லி நிறுத்துவார். யாரும் பேச மாட்டார்கள். ஆனால் ஒருவர் முன்னால் சாய்வார், இன்னொருவர் கண்ணைத் துடைப்பார், பக்கத்தில் இருப்பவரின் கை நாற்காலிக் கைப்பிடி வரை தானாக நகரும். அது ஆள் நிறைந்த மௌனம். திரையில் அப்படி ஒருவர் சொல்லி நிறுத்தியபோது, நான்கு விநாடி கழித்து வேறொருவர் “குரல் கேட்கிறதா?” என்று கேட்டார். இணைப்பு அறுந்துவிட்டதாக நினைத்துவிட்டார். மனம் உடைந்து பேசியவர் “கேட்கிறது” என்றார். அன்று அதற்குமேல் அவர் பேசவில்லை. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததும் மற்றவர் பதில் சொல்லத் தொடங்கும் இடைவெளி சராசரியாகச் சுமார் 200 மில்லி விநாடிதான். குரல் அழைப்பில் ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அந்த எல்லைக்குள் இருந்தாலும், என் சொல் போய் உங்கள் பதில் திரும்பி வருவதற்குள் இயல்பான இடைவெளி இரண்டு மடங்குக்கு மேல் நீண்டுவிடக்கூடும். துயரத்தைச் சொன்னவருக்கு அந்த நீட்சி அலட்சியமாகப் படுகிறது. எதிரில் இருப்பவர் உண்மையில் உடனேதான் பதில் சொல்லியிருப்பார்.

இதற்கு நாங்கள் கண்ட வழிகள் எளியவை. முதல் நாளிலேயே ஓர் அடையாளம் பேசி வைத்துக்கொள்கிறோம்: நெஞ்சில் கை வைத்தால் ‘உன்னோடு இருக்கிறேன்’ என்று பொருள். கனமான ஒன்றை யாராவது சொன்னால் ஏழு கட்டங்களில் ஏழு கைகள் எழும். “எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம், அவசரமே இல்லை” என்று நானும் வாய்விட்டுச் சொல்கிறேன். மூன்றாவது வழிதான் எல்லாவற்றையும்விட உதவியது: சிறிய குழுவில் யாரையும் மியூட் செய்யச் சொல்வதில்லை. எதிரொலி வராமல் இருக்க அனைவரும் ஹெட்போன் போட்டுக்கொள்கிறார்கள். மூச்சுச் சத்தமும் நாற்காலி கிறீச்சிடுவதும் கேட்டால்தான் அந்த அறையில் ஆள் இருப்பது தெரிகிறது.

இதோடு சேர்ந்த ஒரு சிக்கல் இருக்கிறது. பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி பல செயலிகளில் தானாகவே இயங்குகிறது. பேச்சல்லாத ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொள்வதுதான் அதன் இயல்பு. பெருமூச்சும் விம்மலும் பேச்சல்லவே! ஓர் அமர்வில் ஒருவர் அழுததை உதடு துடித்ததை வைத்துத்தான் கண்டுகொண்டேன். ஒலி ஒரு துளிகூட வரவில்லை. அன்றிலிருந்து முதல் அமர்வில் ஒவ்வொருவரின் அமைப்பிலும் அந்த வசதியை நிறுத்த வைக்கிறேன்.

வீடியோ கூட்டங்கள் தரும் களைப்பு பற்றிப் பலரும் நிறையப் பேசிவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் அதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: மிக நெருக்கமாக விழும் பார்வைகள், தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் இருப்பது, சைகைகளை அனுப்பவும் படிக்கவும் கூடுதலாக உழைப்பது. துயரத்தில் இருப்பவர் தன் அழும் முகத்தைத் தானே பார்ப்பது கொடுமை. சுயதோற்றத்தை மறைக்கும் பொத்தானை முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

பயிற்சி வகுப்புகளில் என் பெரிய தவறு, ஆறு மணி நேரப் பயிற்சியை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தது. நான்காம் மணி நேரத்தில் எல்லோர் கண்ணும் கல்லாகிவிட்டன. இப்போது இரண்டு மணி நேர அமர்வுகளாக மூன்று நாட்களுக்குப் பிரித்துவிட்டேன். மற்றபடி, மூவர் பயிற்சி திரையில் நேரில் நடப்பதைவிடச் சிறப்பாகவே நடக்கிறது. ஒருவர் ஆலோசகர், ஒருவர் உதவி நாடி வந்தவர், மூன்றாமவர் பார்வையாளர். நேரில் பார்வையாளர் பக்கத்தில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தாலே மற்ற இருவரும் விறைத்துப்போவார்கள். இங்கே அவர் கேமராவை அணைத்ததும் அவரை மறந்துவிடுகிறார்கள். எனக்குத்தான் இழப்பு. நேரில், ஒரே கூடத்தில் எந்த மூவர் திணறுகிறார்கள் என்பது ஒரு பார்வையிலேயே தெரியும். திரையில் மூவர் மூவராகத் தனித்தனி இணைய அறைகளுக்குப் பிரித்துவிட்டால் நான் உள்ளே நுழைந்தவுடன் பேச்சு நின்றுபோகிறது. பார்வையாளர்கள் அனைவரும் ஒரே பொது ஆவணத்தில் குறிப்பெழுத, நான் வெளியிலிருந்து அதைப் படித்துக்கொண்டிருப்பது ஓரளவு கைகொடுக்கிறது.

பாதுகாப்பில் மட்டும் எந்தச் சமரசமும் செய்துகொள்வதில்லை. ஒருமுறை ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போதே அவரது கட்டம் மறைந்துவிட்டது. இணைப்பு போனதா, அவரே வெளியேறினாரா? தெரியவில்லை. அவரது தொலைபேசி எண் வேறொரு கோப்பில் இருந்தது. அதைத் தேடி எடுக்கப் பதினோரு நிமிடம் ஆனது. வைஃபைதான் நின்றிருந்தது, அவர் நலமாக இருந்தார். ஆனால் அந்தப் பதினோரு நிமிடத்தை நான் மறக்கவில்லை. இப்போது ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும், எங்கே இருக்கிறீர்கள், எந்த எண்ணில் கூப்பிடலாம், அருகில் யாரை அழைக்கலாம் என்ற மூன்றையும் எனக்கு மட்டும் தெரியும்படி எழுதச் சொல்கிறேன். போன வாரம் இருந்த இடத்தில் இந்த வாரமும் இருப்பார்கள் என்பது உறுதியில்லை. இணை வழிநடத்துநர் இல்லாமல் அமர்வு கிடையாது. கட்டம் மறைந்தால் இரண்டு நிமிடத்துக்குள் அவர் அழைத்துவிடுவார். பதிவு செய்வதில்லை. உறுப்பினர்கள் தங்களுக்குள் தனியே செய்தி அனுப்பும் வழியையும் அடைத்துவிடுகிறேன்.

வீட்டில் யாராவது காதில் வாங்கும் தூரத்துக்கு வந்துவிட்டால், அதை வாயால் சொல்ல முடியாது. எனவே திரையில் தெரியும் தங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளியைக் கண்டால் அவரிடம் நான் எதுவும் கேட்பதில்லை. தனிமை கிடைக்காமல் காருக்குள் உட்கார்ந்து குழுவின் பன்னிரண்டு வாரங்களையும் முடித்தவர் ஒருவர் உண்டு.

தன்னைத் துன்புறுத்துபவரோடு ஒரே வீட்டில் இருப்பவரை நான் இணையக் குழுவில் சேர்ப்பதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருப்பவருக்கும், யாரோ தன்னைக் கண்காணிப்பதாக அஞ்சுபவருக்கும் இது ஏற்ற இடமல்ல. அவர்களுக்குத் தேவை நேரில் ஒரு மனிதர்.

நான் கடைசியாகச் சரிசெய்தது முடிவை. நேரில் குழு முடிந்தாலும் உடனே முடிவதில்லை. செருப்பு மாட்டும் இடத்தில், படிக்கட்டில், வாசலில் ஒரு பேச்சு தொடரும். அழுத முகம் தெருவுக்கு வருவதற்குள் ஆறிவிடும். இங்கே பொத்தானைத் தட்டிய அதே விநாடியில் தனி அறையில் தனி ஆளாகிவிடுகிறார்கள். அதனால் அமர்வு முடிந்தபின் இருபது நிமிடம் அறையைத் திறந்தே வைக்கிறோம். இணை வழிநடத்துநர் உடன் இருப்பார், எதையும் நடத்த மாட்டார். விரும்புபவர் இருக்கலாம், பேச வேண்டியதில்லை. கடந்த குழுவில் ஒருவர் எல்லா வாரமும் அந்த இருபது நிமிடமும் துணி மடித்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பதாவது வாரத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் தங்கள் துணிக்கூடையோடு வந்து உட்கார்ந்தார்கள்.