சமுதாயக்கூடமா, எட்டு வீட்டு முற்றமா: கூட்டா வீடு கட்டறவங்களுக்கு

சேலம் அம்மாப்பேட்டை பக்கம் தறிக்காரங்களும் கொலுசுப் பட்டறை ஆளுங்களுமா சேர்ந்து ஒரு நிலம் வாங்கி, எட்டு வீடு ஒரு பிளாக்குனு, கீழ நாலு மேல நாலா கட்டிக்கிட்டோம். வீட்டு பிளான்ல சண்டையே வரல, 400 சதுர அடிக்குள்ள என்னத்த பெருசா மாத்திட முடியும். சண்டையெல்லாம் மிச்ச இடத்துக்குத்தான். ஒரு கோஷ்டி மொத்த பொது இடத்தையும் ஒண்ணா சேத்து பெரிய சமுதாயக்கூடம் கட்டணும்னாங்க, இன்னொண்ணு பிளாக்குக்கு ஒரு முற்றம் விட்டா போதும்னாங்க. நான் முற்றம் கோஷ்டி, கடைசியில கட்டினதும் அதான், அதனால நான் நடுநிலையா எழுதறேன்னு நினைச்சு படிக்காதீங்க.

கூடத்துக்கு உள்ள நல்லது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். காதுகுத்து, வளைகாப்புக்கு மண்டப வாடகை மிச்சம், பசங்க சாயந்திரம் உக்காந்து படிக்கலாம், மெடிக்கல் கேம்ப் போடலாம். இடம் பெருசா இருந்தா சட்டமும் குறுக்க வரும். 2019 கட்டட விதிப்படி 10,000 சதுர மீட்டர் தாண்டினா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் திறந்தவெளிக்குன்னு எழுதிக் குடுத்தே ஆகணும். எங்களோடது 3,000க்குள்ள, அதனால அந்தத் தொல்லை இல்ல, முடிவு எங்க கையிலயே இருந்துச்சு.

என்னைக் கேட்டா இதுல பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், கட்டி முடிச்சப்புறம் அதை யார் பாத்துக்கறது. கூடம்னா ஒரு பூட்டு இருக்கும், பூட்டு இருந்தா சாவி ஒருத்தர்கிட்ட இருக்கும், அவரு ஊருக்குப் போயிட்டா கூடமும் இல்ல. அப்புறம் கக்கூஸ் கழுவ ஆள், டியூப்லைட் மாத்த காசு, வெள்ளையடிக்க காசு, இதுக்கெல்லாம் சங்கம் வச்சு மாசாமாசம் வசூல் பண்ணணும், "நாங்க அந்தக் கூடத்தை தொட்டதே இல்லைங்க, எதுக்கு தரணும்"னு நாலு வீடு கேக்கும், அவங்க கேக்கறதும் நியாயம்தான். முற்றத்துல பூட்டே கிடையாது. எட்டு வீட்டு வாசலும் அதுலதான் தொறக்குது, தன் வாசல் முன்னாடி குப்பை கிடந்தா யாரும் சொல்லாமலே கூட்டிடறாங்க. எங்க பிளாக்ல முறைவச்சு எழுதி ஒட்டினதே இல்ல. காலையில கோலம் போடறதுக்கு எப்படியும் தண்ணி தெளிக்கணும், முற்றமும் அதோடயே சுத்தமாயிடுது.

கரண்ட் கணக்கு தனியா சொல்லணும். வீட்டு மீட்டருக்கு கொஞ்சம் யூனிட் இலவசம், பொது மீட்டருக்கு அது கிடையாது. 2023ல பத்து வீட்டுக்குள்ள, மூணு மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத குடியிருப்புக்கு மட்டும் பொது மீட்டர் ரேட்டை யூனிட் 8 ரூபாயிலிருந்து 5.50னு குறைச்சு அறிவிச்சாங்க. எட்டு வீட்டு பிளாக்குக்கு ரெண்டு பல்பும் ஒரு மோட்டாரும்தான் ஓடுது, பில்லை எட்டா வகுத்தா அதுக்காக யாரும் மூஞ்சிய தூக்கறது இல்ல.

வெளியூர் கதையிலயும் இதே சமாச்சாரம்தான். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல புரூட்-ஐகோனு ஒரு அரசாங்கக் குடியிருப்பு 1950கள்ல கட்டினாங்க, 33 கட்டடம், ஒவ்வொண்ணும் 11 மாடி. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிக்காது, மூணு மாடிக்கு ஒண்ணுலதான் நிக்கும், அங்க நீளமா வராந்தா, துணி துவைக்கற ரூம்லாம் வச்சாங்க, சனங்க அங்க கூடிப் பேசுவாங்கன்னு கணக்கு. ஆனா பராமரிப்பு செலவு முழுக்க குடியிருக்கறவங்க வாடகையிலருந்தே வரணும்னு வச்சிட்டாங்க. வீடு காலியாக ஆக வாடகை குறைஞ்சது, ரிப்பேர் நின்னுச்சு, அந்த வராந்தாவுல நடக்கவே பயந்தாங்க. 1972லயே இடிக்க ஆரம்பிச்சாச்சு.

அதுக்கு நேர் எதிர் வியன்னாவுல கார்ல் மார்க்ஸ் ஹோஃப்ங்கற குடியிருப்பு. 1930ல தொறந்தது, ஆயிரத்து சொச்சம் வீடு, பொது துவைக்கற இடம், குளிக்கற இடம், குழந்தைங்க பள்ளி எல்லாம் உள்ளயே, இன்னைக்கும் நிக்குது. ஆனா அங்க சொந்தக்காரன் மாநகராட்சி. கட்டினது வீட்டு வரிக் காசுல, பாத்துக்கறதும் அவங்கதான். அந்த மாதிரி பெரிய கை ஒண்ணு பின்னாடி இருந்தா நானே கூடத்துக்கு ஓட்டு போட்டிருப்பேன். ஆனா நம்ம ஊர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமே (பழைய குடிசை மாற்று வாரியம்தான், 1970ல வந்தது) இப்போ 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு'னு குடியிருப்போர் சங்கத்தை வச்சு பராமரிக்கற வழிக்கு வந்திருக்கு.

எட்டு வீடுன்னு நாங்க சும்மா பிடிக்கல. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா நவி மும்பை பேலாப்பூர்ல 1980கள்ல ஏழு வீட்டுக்கு நடுவுல எட்டுக்கு எட்டு மீட்டர்ல முற்றம் விட்டாரு, அந்த அளவைத்தான் இழுத்துக்கிட்டோம்.

"அப்போ நம்ம பாவடி மட்டும் எப்படி நின்னுச்சு"ன்னு எங்க பெரியப்பா மடக்கினாரு. நியாயமான கேள்வி. குகை, அம்மாப்பேட்டைல பாவு (தறியில ஏத்தற நீள நூல்) நீட்டறதுக்குன்னே விட்ட பெரிய பொது இடம் அது, சின்ன முற்றமா என்ன. ஆனா அங்க தினமும் விடிஞ்சா வேலை இருந்துச்சு, கல்லு முள்ளு கிடந்தா நூல் அறுந்துபோகும், அதனால இடம் சுத்தமா இருந்துச்சு. கூடத்துல அப்படி தினமும் என்ன வேலை நடக்கப் போகுது? ஏற்காடு எஸ்டேட் தொழிலாளிங்க இருக்கற லயன் வீட்டுலயும் வரிசையா ஒரே வராந்தாதான், எல்லாரும் அங்கதான் உக்காந்திருப்பாங்க, ஆனா ஓடு மாத்தறது எஸ்டேட்டோட பொறுப்பு, அதை நம்ம கணக்குல சேக்க முடியாது.

முற்றத்துல குறையே இல்லையான்னா, இருக்கு. துணி காயப்போட கொடி கட்டறதுல வாரம் ஒரு சண்டை. யார் வீட்டுக்கு யார் வந்தாங்கன்னு எட்டு வீட்டுக்கும் தெரியும், புதுசா கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு அது ரொம்ப சங்கடம், என் தங்கச்சியே சொல்லியிருக்கா. ஒரு இழவு விழுந்தா ஷாமியானா ரோட்டுலதான். மேல் வீட்டு நாலு பேரும் கீழ் வீட்டுக்காரங்க அளவுக்கு முற்றத்தை சொந்தமா நினைக்கறாங்களான்னா, கொஞ்சம் கம்மிதான். மூணு நாலு மாடிக்கு மேல போனா இது எடுபடும்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், லிஃப்ட் வச்ச கட்டடத்துல நான் இருந்ததில்ல.

கட்டப் போறவங்க ஒண்ணு மட்டும் செய்ங்க. படிக்கட்டை முற்றத்துக்குள்ளயே இறக்குங்க, ரோட்டுப் பக்கம் இறக்கிட்டா மேல் வீட்டு ஆளு முற்றத்தை மிதிக்கவே மாட்டாரு. பைக்குக்கு வெளியில தனி ஷெட்டும் முதல்லயே போட்டுடுங்க, இல்லைன்னா ஆறே மாசத்துல முற்றம் ஸ்டாண்டு ஆயிடும்.